‘எல்லாம் வித்துப் போச்சு, காசை மட்டும் காணோம்!’

செம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 47. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். கணவர் தனியார் கம்பெனியில் வேலை, மகள் கல்லூரியில். அக்கம்பக்கத்தாருக்குச் செய்து கொடுத்துக் கொடுத்தே இவருடைய மைசூர்பாகும் அதிரசமும் பேர் வாங்கிவிட்டன. போன வருஷம் தீபாவளிக்கு முன்பு மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் நடந்த மூன்று நாள் சந்தையில் ஒரு மேஜை எடுத்து மைசூர்பாகு, ரவா லட்டு, தேங்காய் பர்ஃபி, அதிரசம் நான்கையும் விற்றிருக்கிறார். சுமார் 40 கிலோ. இரண்டாம் நாள் சாயங்காலமே எல்லாம் காலி. மூன்றாம் நாள் வெறும் மேஜையை வைத்துக்கொண்டு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தாராம்.

“வித்தது 16,200 ரூபாய். மளிகைக்கு 9,000, மேஜை வாடகை 6,000. மிச்சம் 1,200. ஆனா அந்த 1,200-ஐயும் நான் கண்ணால பார்க்கலை” என்கிறார். இந்த வருஷமும் அதே இடத்தில் அதே வாடகைக்கு மேஜை கிடைக்கிறது. எடுக்கலாமா, எடுத்தால் என்ன விலை வைப்பது என்பதுதான் கேள்வி. மைசூர்பாகைக் கிலோ 480-க்கு விற்றிருக்கிறார். நாத்தனார் “கடையில 840, நீ 600 போடு” என்கிறார். மகள் யூடியூபில் பார்த்துவிட்டு “பொருள் விலையை மூணால பெருக்கு” என்கிறாள். கணவரோ “வீட்ல இருந்து செய்யறதுதானே, கூலி என்ன கூலி? பாதி டால்டா போட்டா செலவு குறையும்” என்கிறார். கூடவே லைசென்ஸ், ஜி.எஸ்.டி., பெங்களூருக்குக் கூரியர் என்று சில கேள்விகள்.

சகோதரி, சிறிய உணவுத் தொழில்களுக்கு அடக்கவிலை கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மைசூர்பாகுக்கு நீங்கள் போட்ட கணக்கை அப்படியே எழுதி அனுப்பியது பெரிய உதவி. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

480 எங்கிருந்து வந்தது?

கடலை மாவு 1 கிலோ 110 ரூபாய். சர்க்கரை 2 கிலோ 92. நெய் 2 கிலோ, 640 வீதம் 1,280. மொத்தம் 1,482. மாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு, ஆக 5 கிலோ இனிப்பு, கிலோவுக்கு 296. அதன் மேல் 60 சதவீதம் ‘லாபம்’, ரவுண்டாக 480. இதுதான் உங்கள் கணக்கு.

இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, உங்கள் மாமியார் சொல்லிக் கொடுத்த அளவு கிலோவில் இருக்கிறது. நீங்கள் நெய் வாங்குவது லிட்டரில். ஒரு லிட்டர் நெய் ஏறக்குறைய 910 கிராம்தான் எடை. 640 என்பது லிட்டர் விலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தராசில் 2 கிலோ வைக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 2.2 லிட்டர் உருக்க வேண்டும். அதன் விலை சுமார் 1,407. அடுத்தது, 5 கிலோ போட்டால் 5 கிலோ வராது. “நல்ல துண்டா நாலரை கிலோ தேறும்” என்று வேறொரு பக்கத்தில் நீங்களே சொல்கிறீர்கள். ஓரம் வெட்டியது, உருளியில் ஒட்டியது, வடிந்த நெய், பதம் பார்த்தது, வீட்டார் வாயில் போனது எல்லாம் அந்த அரைக் கிலோவில் அடக்கம். ஆக 1,609 ரூபாய்ப் பொருளில் நாலரை கிலோ. கிலோவுக்கு 358. நீங்கள் 296 என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கிலோவுக்கு 62 ரூபாய் தப்பிவிட்டது.

இனி மற்றவை. கால் கிலோ டப்பா, உள்ளே பட்டர் பேப்பர், லேபிள் சேர்த்து 12 ரூபாய் என்கிறீர்கள், கிலோவுக்கு 48. கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும், ஆனால் சும்மா கிடைக்காது. கேஸைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில் ஒரு வீட்டு அடுப்பு மணிக்குக் கால் கிலோ கேஸ்கூட எரிக்காது. மின்சாரமும் சேர்த்துக் கிலோவுக்கு 5 ரூபாய் போதும்.

உங்கள் கைக்கு என்ன கூலி?

இந்த இடத்தில் உங்கள் கணவரோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாதிக் குடும்பங்களில் இதே பேச்சுதான். “நாமதானே செய்யறோம், அதுக்கு ஏன் காசு?”

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, ஆர்டர் வாங்கியாகிவிட்டது. யாரையாவது வைத்துத்தான் கிளறியாக வேண்டும். வருகிறவர் சும்மா வருவாரா? உங்கள் விலையில் அவருக்குக் கொடுக்க இடம் இல்லையென்றால், அந்த விலையைத் தாங்கிக்கொண்டிருந்தது உங்கள் முதுகும் முழங்காலும். இன்னொன்றும் உண்டு. கூலியைச் சேர்க்காதவருக்கு எந்த இனிப்பு லாபம், எந்த இனிப்பு நஷ்டம் என்பதே தெரியாது. பத்து நிமிஷத்தில் பிடிக்கும் லட்டும் இரண்டு நாள் பக்குவம் பார்க்கும் அதிரசமும் அவர் நோட்டில் ஒன்றாகவே தெரியும்.

எவ்வளவு வைப்பது? உங்கள் பகுதியில் கல்யாணச் சமையலுக்குக் கூடமாட வருகிறவருக்கு ஒரு நாளைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, மணிக்கணக்கில் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்துக்காக மணிக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கைப்பதத்துக்கு இது குறைவு, இது வெறும் அடிமட்டம். மாவு சலிப்பதிலிருந்து துண்டு போட்டு, டப்பாவில் அடுக்கி, உருளி தேய்ப்பது வரை ஒரு ஈடுக்கு இரண்டரை மணி நேரம் என்கிறீர்கள். 300 ரூபாய். நாலரை கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 67.

இப்போது கூட்டுங்கள். பொருள் 358, டப்பா 48, எரிபொருள் 5, கூலி 67. மொத்தம் 478.

நீங்கள் விற்றது 480-க்கு. வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒரு கிலோவில் மிஞ்சியது 2 ரூபாய். அந்த 2 ரூபாயிலிருந்து மேஜை வாடகை, ஆட்டோ, எல்லாம் வர வேண்டும்!

ஸ்டால் செலவை யார் தலையில் கட்டுவது?

வாடகை 6,000-த்தை எழுதிய நீங்கள், கடிதத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் மற்ற செலவுகளைச் சேர்க்கவில்லை. நான் பொறுக்கி எடுத்தேன்: போக வர டெம்போ, ஆட்டோ 1,400. கூடவே நின்ற பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கைச்செலவு நாளைக்கு 500 வீதம் 1,500. பை, மேஜைத் துணி, பேனர் 700. ஆக ரொக்கமாகப் போனது 9,600. மூன்று நாள், நாளைக்கு ஒன்பது மணி நேரம் நீங்கள் நின்றதற்கு 3,240. மொத்தம் 12,840.

இப்போது அந்த 1,200 எங்கே போனது என்று புரிகிறதா? வாடகை போக மற்ற ரொக்கச் செலவு 3,600. அது தவிர, அதிரசம் நீங்கலான 30 கிலோவுக்கு 120 டப்பா, அதற்கு 1,440. கழித்துப் பார்த்தால் 3,840 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது, உங்கள் கூலி ஒரு பைசா சேர்க்காமலே. மளிகை 9,000 என்பதும் எனக்குச் சந்தேகம்தான். எண்ணெயும் ஏலக்காயும் கொஞ்சம் சர்க்கரையும் வீட்டு மாதச் சாமானிலிருந்து எடுத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை சந்தைக்கான சாமானைத் தனியாக வாங்கி, தனி நோட்டில் எழுதுங்கள்.

ஸ்டால் செலவின் குணம் வேறு. நெய் மாதிரி அது கிலோவுக்குக் கிலோ ஏறாது. பத்து கிலோ விற்றாலும் நூறு கிலோ விற்றாலும் அதே 12,840. போன வருஷம் விற்ற 40 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 321 ரூபாய்! மைசூர்பாகின் முழு அடக்கம் 799. அதையே 60 கிலோ விற்றால் ஸ்டால் பங்கு 214, அடக்கம் 692. 80 கிலோ என்றால் பங்கு 160, அடக்கம் 638. நீங்கள் கேட்டது ‘என்ன விலை’ என்று. அதோடு ‘எத்தனை கிலோ’ என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இரண்டாம் நாள் சாயங்காலமே காலியானதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ருசிக்கு அது நல்ல சான்றிதழ்தான். கணக்குப் பார்ப்பவன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிகிறது: விலை ரொம்பக் குறைவு, செய்தது ரொம்பக் கொஞ்சம். மூன்று நாள் வாடகை கொடுத்துவிட்டு இரண்டு நாள்தான் விற்றிருக்கிறீர்கள்.

அப்போ என்ன விலை?

மகள் சொல்லும் ‘மூன்றால் பெருக்கு’ சூத்திரத்தை முதலில் பார்த்துவிடலாம். மைசூர்பாகின் பொருள் விலை 358. மூன்றால் பெருக்கினால் 1,074. உங்கள் சந்தையில் தாங்காது. அதிரசத்தின் பொருள் விலை ஒன்றுக்கு 6 ரூபாய். மூன்றால் பெருக்கினால் 18. கீழே பார்க்கப் போகிறீர்கள், அதில் கட்டுப்படியாகாது. ஒன்றில் நெய் அதிகம், வேலை குறைவு. மற்றதில் அரிசியும் வெல்லமும்தான், ஆனால் வேலை மலையளவு. இரண்டுக்கும் ஒரே பெருக்கல் எப்படிப் பொருந்தும்?

நாத்தனார் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. கடையில் 840-க்கு நெய் மைசூர்பாகு விற்கிறது என்றால், அந்த வட்டாரத்து ஜனங்கள் அந்த விலையைக் கொடுத்துப் பழகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் கடை விலையைவிட நீங்கள் கட்டாயம் குறைக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? அவர்கள் நெய்யை டின் டின்னாக வாங்குகிறார்கள், ஒரு நாளில் நீங்கள் மூன்று நாளில் விற்பதை விற்கிறார்கள். செலவில் அவர்களோடு போட்டி போட உங்களால் முடியாது. உங்களிடம் இருப்பது நேற்றுக் கிளறிய பாகு, அதைக் கிளறியவரே எதிரில் நின்று பேசுவது. இதற்கு 40 ரூபாய் கூடக் கொடுப்பவர்கள் மாட்டுங்காவில் தாராளமாக உண்டு.

என் யோசனை: மைசூர்பாகு கால் கிலோ 220. கிலோ 880 ஆகிறது. 60 கிலோ சரக்கு என்ற கணக்கில் அடக்கம் 692 போக 188 நிற்கும். ரவா லட்டும் தேங்காய் பர்ஃபியும் கால் கிலோ 150. நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்து அவற்றின் முழு அடக்கம் கிலோவுக்கு முறையே 567, 547 வருகிறது. 600-க்கு விற்றால் பெரிதாக ஒன்றும் நிற்காது. மேஜை நிறைந்து தெரிய, குழந்தைகளோடு வருகிறவர்களை நிறுத்த அவை வேண்டும். பாரத்தை மைசூர்பாகு சுமக்கும். ஸ்டால் செலவு முழுவதும் மைசூர்பாகிலேயே எடுக்க வேண்டும் என்று வைத்தாலும், கிலோவுக்கு 402 வீதம் (880 கழித்தல் 478) 32 கிலோவில் அடைபட்டுவிடும்.

மைசூர்பாகு 25, ரவா லட்டு 13, பர்ஃபி 12, அதிரசம் 10 கிலோ என்று போனால், உங்கள் கூலி எல்லாம் போக ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையில் நிற்கும். விலையை ஏற்றினால் போன வருஷ வேகத்தில் விற்காது, அது நிச்சயம். மெதுவாக விற்கட்டும், மூன்று நாள் இருக்கிறதே. பயமாக இருந்தால் மைசூர்பாகையும் லட்டையும் முழு அளவு செய்யுங்கள், அவை மிஞ்சினாலும் தீபாவளி ஆர்டருக்குப் போய்விடும். தேங்காய் பர்ஃபியை மட்டும் தினமும் அன்றன்றைக்குச் செய்யுங்கள். மும்பை அக்டோபர் புழுக்கத்தில் தேங்காயை நம்ப முடியாது.

டால்டா விஷயம். பாதி வனஸ்பதி போட்டால் பொருள் செலவு நன்றாகவே குறையும், மறுக்கவில்லை. சட்டமும் தடுக்கவில்லை, பலகையிலும் லேபிளிலும் அதைச் சொல்லிவிட்டால். ஆனால் ‘நெய் மைசூர்பாகு’ என்று எழுதிவிட்டு டால்டா கலந்தால் அது ஏமாற்று. தப்பான லேபிள் என்று வழக்கும் வரலாம். சொல்லி விற்றாலோ கடைக்காரரோடு விலையில் மோத வேண்டும், நீங்கள் தோற்பீர்கள். வேண்டாம்.

அதிரசம்

நீங்கள் அதிகம் பெருமைப்படுவது அதிரசத்தைப் பற்றித்தான். உங்களுக்கு அதிக நஷ்டம் வைத்ததும் அதுதான்.

ஒரு கிலோ பச்சரிசியில் 45 அதிரசம் வருகிறது. அரிசி, வெல்லம், ஏலக்காய், குடித்த எண்ணெய் எல்லாம் சேர்த்து 270 ரூபாய், ஒன்றுக்கு 6. நீங்கள் விற்றது 15-க்கு, ஆகவே ‘ஒன்றுக்கு 9 ரூபாய் லாபம்’. ஆனால் அரிசி ஊறவைத்து வடித்து, ஈரம் பாதி போகும்படி நிழலில் உலர்த்தி, மில்லுக்குப் போய் அரைத்து, சலித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்த்து, கிளறி மூடி வைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகத் தட்டி, இரண்டிரண்டாகப் போட்டு எடுத்து, கரண்டிகளுக்கிடையில் எண்ணெய் பிழிந்து வைப்பது வரை உங்கள் கை படும் நேரம் மட்டும் நாலு மணி. 480 ரூபாய். ஒன்றுக்கு 10 ரூபாய் 70 காசு. பொருளோடு சேர்த்து 16.70. அதாவது ஸ்டால் பங்கு இல்லாமலே ஒவ்வொரு அதிரசத்தோடும் 1.70 ரூபாயை வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். 200 அதிரசம், அதாவது சுமார் 10 கிலோ விற்றதாக எழுதியிருக்கிறீர்கள்!

ஸ்டால் பங்கும் காகிதமும் சேர்த்தால் அடக்கம் 29 ரூபாயைத் தாண்டும். 35-க்குக் குறைத்து விற்க வழியில்லை. நாலு கொண்ட பொட்டலம் 140 என்று போடுங்கள், ஒன்றொன்றாக எண்ணி விற்பதைவிட அது நல்லது. “யார் வாங்குவார்கள்?” என்று நீங்கள் நினைக்கலாம். கீழ் வீட்டு மராட்டிக்கார ஆன்ட்டி “அனார்சே மாதிரியே இருக்கு” என்று இருபது வாங்கிப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, பதில் அங்கேயே இருக்கிறது. அனார்சே என்ற தீபாவளிப் பலகாரத்துக்கு அவர்களும் அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து, வெல்லம் சேர்த்து, கசகசாவில் தட்டிப் பொரிக்கிறவர்கள். இதில் எவ்வளவு பாடு என்று அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பலகையில் தமிழில் ‘அதிரசம்’ என்று போட்டு, பக்கத்தில் மராத்தியிலும் ஒரு வரி எழுதி வையுங்கள். அப்படியும் 35-க்குப் போகவில்லை என்றால், சந்தையில் மாதிரிக்கு மட்டும் வைத்துவிட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டருக்கு மட்டும் செய்யுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். வெல்லத்தில் செய்தது என்பதால் ‘சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்’ என்று பலகையில் எழுதலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். கூடவே கூடாது. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அப்படி எழுதுவது சட்டப்படியும் தப்பு.

கொசுறும் பேரமும்

“250 கிராம்னு போட்டாலும் ஒரு துண்டு கூடவே வைப்பேன், மனசு கேக்காது” என்கிறீர்கள். 20 கிராம் கூடினால் 120 டப்பாவில் 2.4 கிலோ. உங்கள் பழைய விலைக்கே ஆயிரம் ரூபாய் ஆகிறது. மனசு கேட்கவில்லை என்றால் ஓரத் துண்டுகளைத் தட்டில் வைத்து ருசி பார்க்கக் கொடுங்கள். டப்பாவில் 250 என்றால் 250. டப்பாவின் எடை அதில் சேரக் கூடாது, அது குற்றம். இனிப்பு மட்டும் 250 இருக்க வேண்டும்.

பேரம் பேசாமல் மும்பையில் யாரும் பை தூக்க மாட்டார்கள். “ஆன்ட்டி, தோடா கம் கரோ” என்றதும் பத்து சதவீதம் குறைத்துவிடுவது சுலபம். 880-இல் பத்து சதவீதம் 88. உங்களுக்கு நிற்பதோ 188. ஒரு சிரிப்புக்காகக் கிட்டத்தட்ட பாதி லாபம் போகிறது. விலையைக் குறைக்காதீர்கள். மூன்று டப்பா வாங்கினால் இரண்டு ரவா லட்டு இலவசம் என்று சொல்லுங்கள், உங்களுக்கு அதன் செலவு கொஞ்சம்தான். ‘ரொம்ப ஜாஸ்தி’ என்று நிறையப் பேர் முகம் சுளித்தால் விலையைத் தொடாமல் டப்பாவைச் சின்னதாக்கலாம். 200 கிராம் 180 ரூபாய். டப்பாச் செலவு கிலோவுக்கு 12 ரூபாய் ஏறும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் கடைசி மணி நேரத்தில் பர்ஃபியை மட்டும் வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ், ஜி.எஸ்.டி., கூரியர்

‘வீட்டில் செய்வதற்கு எதற்கு லைசென்ஸ்’ என்பது ரொம்பப் பேர் செய்யும் தவறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் வீட்டு அடுப்பையும் விடுவதில்லை. ஆனால் உங்கள் அளவுக்குப் பெரிய லைசென்ஸ் தேவையில்லை. இந்த மாதிரிச் சிறிய விற்பனைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு மட்டும் போதும். ஆன்லைனில் செய்யலாம், கட்டணமும் சொற்பம்தான். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். அது லேபிளில் இருக்க வேண்டும். ஏஜென்ட் யாராவது ஐயாயிரம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

முன்கூட்டியே அடைத்த டப்பா என்றால் லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், உங்கள் பெயர் முகவரி, புகாருக்குத் தொலைபேசி எண், பச்சைப் புள்ளி, எல்லா வரிகளும் உட்பட எம்.ஆர்.பி. ஆகியவை வேண்டும். ரவா லட்டில் கோதுமை, பால், முந்திரி மூன்றும் இருப்பதைத் தெளிவாகப் போடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர் விஷயம். தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதியை எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். எடை போட்டு விற்பதாக இருந்தால் சமையலறைத் தராசு செல்லாது, எடையளவுத் துறை முத்திரை போட்ட தராசு வேண்டும். பேசாமல் எல்லாவற்றையும் டப்பாவிலேயே விற்றுவிடுங்கள்.

சிலிண்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. தொழில் வளர்ந்தால் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறிக்கொள்ளுங்கள். சந்தையில் சுடச்சுட அதிரசம் போடலாம் என்று வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

ஜி.எஸ்.டி.: மகாராஷ்டிரத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இப்போது இல்லை. பதிவு இல்லாதவர் ‘5 சதவீதம் ஜி.எஸ்.டி.’ என்று பில்லில் தனியாகப் போட்டு வாங்கவும் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் பெங்களூர் உறவுக்காரர்கள் அவர்கள் ஆபீசில் விற்றுத் தருவதாகச் சொல்லி, வாராவாரம் பத்து கிலோ கேட்கிறார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மாநிலம் தாண்டி விற்றால் இந்த 40 லட்சச் சலுகை கிடையாது. முதல் கிலோவிலிருந்தே ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், அப்புறம் ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம் என்று போகும். வாரம் பத்து கிலோவுக்கு அது கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். எனக்குத் தோன்றவில்லை. மும்பைக்குள், தானே, டோம்பிவிலி, நவி மும்பை வரை ஆர்டர் பிடிப்பது உங்களுக்கு இப்போதைக்குப் போதுமான வேலை.

மேஜை எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், எடுங்கள் என்பதுதான். ஆனால் முன்பணம் கட்டும் முன் மூன்று வேலை இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், அதிகாரி சமையலறையைப் பார்க்க வருவதாக இருந்தால் ஒரு மாதம்கூட ஆகலாம். 60 கிலோ செய்ய உங்கள் ஒருவர் கையால் முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து இரண்டு ஈடு கிளறிப் பாருங்கள். முடியவில்லை என்றால் உதவிக்கு ஆள் வையுங்கள். அவருக்கான கூலி இப்போது விலைக்குள் இருக்கிறது. அப்புறம், போன வருஷம் மூன்றாம் நாள் ஆர்டர் எழுதிய அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ளவர்களுக்கு இப்போதே புது விலையை அனுப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் சரி என்றாலே 880 நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாத்தனாருக்கு என்ன விலை என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு அரைக் கிலோ சும்மா கொடுத்துவிட்டு, நோட்டில் 239 ரூபாய் என்று வீட்டுச் செலவில் எழுதிவிடுங்கள். இரண்டாவது அரைக் கிலோ கேட்டால் 440.